ஹெச்பி கணக்கு: கழிப்பதா, கூட்டுவதா, யார் வைத்துக்கொள்வது?

ஆறாம்சுற்று (கேள்வி)

வணக்கம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, பகடை உருட்டி ஆடும் கதாபாத்திர விளையாட்டின் ஐந்தாம் பதிப்பின் 2014-ஆம் ஆண்டு விதிகளைக் கொண்டு, ஐந்து பேர் உள்ள ஒரு குழுவுக்கு டிஎம் ஆக ஆட்டம் நடத்தி வருகிறேன். கதாபாத்திரங்கள் இப்போது ஏழாம் லெவலில் இருக்கின்றன. தொடக்க லெவல்களில் பெரிதாகத் தெரியாத ஒரு தொல்லை இப்போது ஏறக்குறைய எல்லாச் சண்டைகளிலும் ஆட்டத்தை நிறுத்துகிறது. யாரிடம் எவ்வளவு ஹெச்பி (அடியைத் தாங்கும் உயிர்ப்புள்ளிகள்) மீதம் இருக்கிறது என்பதில் என் தாளும் ஆட்டக்காரர்களின் தாள்களும் ஒத்துப்போவதில்லை.

எல்லோரும் கேரக்டர் ஷீட்டில் இருக்கும் அந்தச் சிறிய கட்டத்துக்குள் பென்சிலால் எழுதி, அழித்து, மீண்டும் எழுதுகிறார்கள். கடந்த அமர்வில் ஒரு பூதத்தின் அடி விழுந்தபோது, ஃபைட்டராக ஆடுபவர் தன்னிடம் 19 இருப்பதாகச் சொன்னார். என் தாளில் 8 என்று இருந்தது. இடையில் கிடைத்த தற்காலிக ஹெச்பியை (அடி விழும்போது மீதத்துக்கு முன்னால் கரையும் தனிப் புள்ளிகளை) அவர் மீதத்தோடு கூட்டிவிட்டாரா, அல்லது ஒரு குணப்படுத்தலை நான் குறிக்க மறந்தேனா என்று கண்டுபிடிக்க எங்களிடம் எந்தத் தடயமும் இல்லை. பழைய எண்கள் எல்லாம் ரப்பரோடு போய்விட்டன. இதைப் போலவே, மந்திரத்தின் மீது கவனத்தை நிலைநிறுத்தியிருக்கும் கிளெரிக் (குணப்படுத்தும் பூசாரி) அடி வாங்கும்போது போட வேண்டிய கான்சென்ட்ரேஷன் சேவும் (அந்தக் கவனம் கலைகிறதா என்று பார்க்கும் பகடை உருட்டலும்) அடிக்கடி விட்டுப்போகிறது.

என் கேள்விகள் இவை. ஐவரின் ஹெச்பியையும் நானே முழுவதுமாகப் பார்த்துக்கொள்வது நல்லதா, அல்லது அதை அவர்களிடமே விட்டுவிடலாமா? மீதத்தைக் குறைத்துக்கொண்டே வருவதைவிட வாங்கிய சேதத்தைக் கூட்டிக்கொண்டே போவது எளிது என்று சிலர் சொல்கிறார்களே, அதில் உண்மையாகவே பயன் உண்டா? கடைசியாக ஒன்று: 60 ஹெச்பியோடு நிற்கும்போதும் 3 ஹெச்பியோடு நிற்கும்போதும் அந்த ஃபைட்டர் ஒரே மாதிரி வாள் வீசுவது எனக்கு உறுத்தலாக இருக்கிறது. பாதிக்குக் கீழே போனால் தாக்குதல் பகடையில் 2 குறையும் என்பதுபோல ஒரு வீட்டு விதியைச் சேர்த்தால் அது சரிப்படுமா?

கூட்டல்கணக்கு

உங்கள் சிக்கலின் வேர் ரப்பரில்தான் இருக்கிறது. வங்கிப் பாஸ்புக்கில் வரவும் செலவும் எழுதாமல் கடைசி இருப்பை மட்டும் அழித்து அழித்து எழுதினால் என்ன நடக்குமோ, அதுதான் உங்கள் மேசையில் நடக்கிறது. ஆகவே கூட்டுவதா கழிப்பதா என்று முடிவு செய்வதற்கு முன்னால், எதையும் அழிக்கக் கூடாது என்று முடிவு செய்யுங்கள். ஷீட்டின் கட்டத்தை மறந்துவிட்டு, ஒவ்வொருவருக்கும் ஒரு வெற்றுத் தாளைக் கொடுங்கள். மேலே உச்ச ஹெச்பியைப் பேனாவால் எழுதட்டும். அதன் கீழே வாங்கும் ஒவ்வொரு அடியும் ஒரு வரி. தற்காலிக ஹெச்பிக்கு ஓரத்தில் தனிக் கட்டம்.

ஒரு சண்டையை அப்படியே எழுதிக் காட்டுகிறேன். ஏழாம் லெவல் ஃபைட்டர், உச்சம் 60. முதல் அடி 14. இரண்டாவது 9, மொத்தம் 23. மூன்றாவது 22, மொத்தம் 45. கிளெரிக் 12 குணப்படுத்துகிறார். மொத்தம் 33-க்கு இறங்குகிறது. பிறகு யாரோ தரும் தற்காலிக ஹெச்பி 5, அது ஓரக் கட்டத்துக்குப் போகிறது. அடுத்து 31-க்கு ஒரு பெரிய அடி. அதில் 5-ஐத் தற்காலிக ஹெச்பி தாங்கிக்கொள்கிறது. ஓரக் கட்டத்தில் ஒரு கோடு. வரியில் ‘31, உள்ளே 26’ என்று எழுதி மொத்தத்தை 59 ஆக்குகிறோம். உச்சத்துக்கு இன்னும் 1 இருக்கிறது, அதாவது ஆள் இன்னும் நிற்கிறார். யாராவது சந்தேகப்பட்டால் மேலிருந்து ஒருமுறை படித்தால் போதும்.

விழுந்த அடியையும் உள்ளே போனதையும் தனித்தனியாக எழுதச் சொல்வதற்குக் காரணம் கான்சென்ட்ரேஷன். அந்தச் சேவில் எட்ட வேண்டிய எண் 10, அல்லது வாங்கிய சேதத்தில் பாதி, இவற்றில் எது பெரிதோ அது. தற்காலிக ஹெச்பி தாங்கிக்கொண்ட பகுதியும் வாங்கிய சேதமாகவே கணக்கில் வரும். கிளெரிக்கிடம் தற்காலிக ஹெச்பி 10 இருக்கும்போது 26-க்கு அடி விழுந்தால், உள்ளே போவது 16 மட்டுமே என்றாலும் சேவ் 13-க்கு எதிராகத்தான். அதேபோல, 11 சேதம் தரும் இரண்டு அம்புகள் ஒருவர்பின் ஒருவராக இருவரிடமிருந்து வந்தால், 10-க்கு எதிராக இரண்டு சேவ்கள் போட வேண்டும். மீதத்தை மட்டும் குறைப்பவர் 22 என்று ஒரே மூச்சில் கழித்துவிட்டு, 11-க்கு எதிராக ஒரே ஒரு சேவ் போட்டு நகர்ந்துவிடுவார். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு சிறியது அல்ல. வரிக்கு ஓர் அடி என்று எழுதும்போது, பேனா தாளைத் தொடும் ஒவ்வொரு முறையும் ஒரு சேவ் என்பது தானாகவே நினைவுக்கு வரும். பார்பேரியன் வீரர் ரேஜில் (போர்வெறியில்) இருந்தால் முதலில் சேதத்தைப் பாதியாக்கிப் பின்னத்தை விட்டுவிட வேண்டும். 27 என்பது 13 ஆகும், அந்த 13-ஐத்தான் வரியில் எழுத வேண்டும். தற்காலிக ஹெச்பி அதற்குப் பிறகுதான் வரும்.

கூட்டல் முறையில் எனக்கு மிகவும் பிடித்த வசதி இன்னொன்று உண்டு, அதைப் பலர் கவனிப்பதில்லை. ஓர் அடி உங்களை 0-க்குக் கொண்டுவந்த பிறகு மிஞ்சும் சேதம் உச்ச ஹெச்பியை எட்டினால் உடனடி மரணம் என்பது ஐந்தாம் பதிப்பின் விதி. கழித்தல் முறையில் இதற்குத் தனியாக ஒரு கணக்குப் போட வேண்டும். கூட்டல் முறையில் மொத்தம் உச்சத்தின் இருமடங்கைத் தொட்டதா என்று மட்டும் பார்த்தால் போதும். மேலே சொன்ன ஃபைட்டர் 59-இல் நிற்கிறார். 61-க்கு ஓர் அடி விழுந்தால் மொத்தம் 120, கதை முடிந்தது. 60-க்கு விழுந்தால் 119, மயக்கம் மட்டுமே. அடியைத் தீர்த்த பிறகு மொத்தத்தை 60-க்கே இறக்கி எழுதிவிட வேண்டும், ஏனென்றால் இந்தப் பதிப்பில் ஹெச்பி எதிர்ம எண்ணுக்குப் போவதில்லை. மயங்கிக் கிடப்பவரை 7 குணப்படுத்தினால் மொத்தம் 53, எழுந்துவிடுவார்.

யார் வைத்துக்கொள்வது என்ற கேள்விக்கு என் பதில் சுருக்கமானது: ஆட்டக்காரரிடம் விட்டுவிடுங்கள், உங்கள் தாளில் அவர்களுடைய ஹெச்பியே இருக்கக் கூடாது. ஒரே கணக்கை இரண்டு பேர் எழுதினால், எது சரி என்ற வழக்கு வந்தே தீரும். டிஎம் சேதத்தின் அளவையும் வகையையும் உரக்கச் சொல்ல வேண்டும்; ஆட்டக்காரர் புதிய மொத்தத்தை உரக்கத் திருப்பிச் சொல்ல வேண்டும். பக்கத்தில் இருப்பவர் காதில் அது விழுந்தால் பாதிப் பிழைகள் அங்கேயே பிடிபட்டுவிடும்.

நிழல்முனி

கூட்டல்கணக்கு சொன்னதை நானும் பின்பற்றுகிறேன், ஆனால் அது ஒரே ஓர் இடத்தில் சறுக்கும். அதைச் சொல்லாமல் விட்டால் ஏழாம் லெவலில் நீங்கள் கட்டாயம் மாட்டிக்கொள்வீர்கள். ரெய்த் போன்ற சில உயிரற்ற பகைகள் உயிரை உறிஞ்சும்போது, சேவ் தவறினால் வாங்கிய சேதத்தின் அளவுக்கு உச்ச ஹெச்பியும் குறைகிறது. மொத்தம் 33-இல் நிற்கும் அதே ஃபைட்டரை ரெய்த் 21-க்குத் தாக்கினால், மீதம் 27-இலிருந்து 6 ஆகும், உச்சம் 60-இலிருந்து 39 ஆகும். பழக்கத்தில் மொத்தத்தோடு 21-ஐக் கூட்டி, உச்சத்திலும் 21-ஐக் குறைத்தால், 39 உச்சத்தில் 54 வாங்கியதாக ஆகி, நிற்க வேண்டிய ஆள் விழுந்துவிடுவார்.

சரியான வழி, சேவ் தவறியிருந்தால் உச்சத்தை மட்டும் அடித்து எழுதிவிட்டு, மொத்தத்தைத் தொடாமல் விடுவது. 39-இலிருந்து 33 போனால் 6. கணக்குச் சரியாக வருகிறது. சேவில் தப்பித்திருந்தால் வழக்கம்போல மொத்தத்தில் கூட்டுங்கள். எய்ட் மந்திரமும் இதே குடும்பம்தான்: உச்சமும் மீதமும் சேர்ந்தே 5 ஏறுவதால், மேலே எழுதிய எண்ணை 65 ஆக்கினால் போதும். உறிஞ்சும் அடியில் தற்காலிக ஹெச்பியும் குறுக்கே வந்தால் மட்டும் மேலே சொன்ன குறுக்குவழியை விட்டுவிட்டு, மீதத்தையும் உச்சத்தையும் தனித்தனியாகக் கணக்கிட்டு எழுதுங்கள்.

பழையபதிப்பு

வீட்டு விதி பற்றிய கேள்வியை யாரும் தொடவில்லை. இந்த எண் எதற்காகப் பிறந்தது என்பதைப் பார்த்தால் உங்கள் உறுத்தலுக்கு ஓரளவு விடை கிடைக்கும் என்பதால், கொஞ்சம் பின்னால் போகிறேன்.

1971-இல் வந்த செயின்மெயில் போர் விளையாட்டில் சாதாரண வீரன் ஓர் அடியில் செத்தான்; வீரத்தலைவன் ஒருவன் சாக வேண்டுமென்றால் ஒரே நேரத்தில் நான்கு கொல்லும் அடிகள் விழ வேண்டும். அது நூற்றுக்கணக்கான பொம்மைகளை நகர்த்தும் ஆட்டத்துக்குப் பொருத்தம்தான். ஆனால் ஒருவர் ஒரே ஒரு கதாபாத்திரத்தை மாதக்கணக்கில் ஆடும்போது, அது ஒற்றைப் பகடையில் செத்துப்போவதை யாரும் விரும்பவில்லை. 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட முதல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் ஹெச்பி வந்தது இதனால்தான். அந்த எண்ணத்தை இரும்புக் கவசக் கப்பல்களுக்காகத் தான் எழுதிய கடற்போர் விதிகளிலிருந்து எடுத்ததாக ஆர்னசன் பின்னர் சொல்லியிருக்கிறார். கப்பல் மூழ்கும்வரை சுட்டுக்கொண்டே இருக்கும். பாதி சேதத்தில் அதற்குக் கை நடுங்காது. உங்கள் ஃபைட்டர் 3 ஹெச்பியிலும் அதே வேகத்தில் வாள் வீசுவதன் மூலத்தை நான் இதில்தான் பார்க்கிறேன்.

1979-இல் வெளியான டிஎம் வழிகாட்டி நூலிலேயே கைகாக்ஸ் இதை விளக்க வேண்டியிருந்தது. லெவல் ஏறிய வீரனின் ஹெச்பி முழுவதும் சதையும் எலும்பும் அல்ல. திறமை, அதிர்ஷ்டம், தெய்வ அருள் எல்லாம் அதற்குள் அடக்கம் என்பது அவருடைய வாதம். 2014 விதிநூலும் இதை வேறு விதமாகச் சொல்கிறது: பாதிக்கு மேல் இருக்கும்வரை பெரும்பாலும் காயமே தெரியாது, பாதிக்குக் கீழே போனால் வெட்டும் சிராய்ப்பும் தெரியும், 0-க்குக் கொண்டுவரும் அடிதான் உடலில் நேராக இறங்கும் அடி. ஆகவே 3 ஹெச்பியோடு நிற்பவர் குற்றுயிராகக் கிடப்பவர் அல்லர், அடுத்த வீச்சிலிருந்து ஒதுங்க மூச்சு மிஞ்சாதவர் என்று கொண்டால் அவர் வாள் வீசுவதில் முரண் இல்லை. இந்த விளக்கத்துக்கும் ஓட்டைகள் உண்டு என்பது வேறு விஷயம்: விஷம் தோய்ந்த அம்பு தோலைக் கீறாமல் எப்படி விஷமேற்றியது என்று எந்த ஆட்டக்காரராவது கேட்டால், டிஎம் இருமிக்கொண்டு அடுத்தவரின் முறையை அழைப்பார்.

இதில் திருப்தி இல்லாதவர்கள் தொடக்கத்திலேயே வேறு வழிகளைத் தேடினார்கள். 1977-இல் வந்த டிராவலர் என்ற ஆட்டத்தில் ஹெச்பி என்ற தனி எண்ணே கிடையாது; சேதம் நேராக வலிமை, லாவகம், தாங்கும் திறன் ஆகிய மூன்று பண்புகளிலிருந்து கழிகிறது. அடிபட்டவர் பலவீனமாவதற்குத் தனி விதி எதுவும் தேவைப்படாத அளவுக்கு அது நேர்த்தியானது, ஆனால் ஒவ்வொரு காயத்தின் பின்னும் அந்தப் பண்பைச் சார்ந்த எண்களை எல்லாம் திருத்திக்கொண்டிருக்க வேண்டும். 1978-இல் வந்த ரூன்குவெஸ்ட்டில் தலை, நெஞ்சு, வயிறு, கை, கால் ஒவ்வொன்றுக்கும் தனி ஹெச்பி. கால் போனால் விழ வேண்டும், கை போனால் கையில் இருப்பது நழுவும். ஹார்ன்மாஸ்டரோ மொத்த எண்ணையே தூக்கி எறிந்துவிட்டு, ஒவ்வொரு காயத்தையும் தனி வரியாக எழுதித் தனித்தனியாக ஆற வைக்கிறது. 1991-இல் வந்த வாம்பயர்: தி மாஸ்கரேட்டில் ஏழு நிலைகள் கொண்ட ஒரு படிக்கட்டு இருக்கிறது, கீழே இறங்க இறங்க உருட்டும் பகடைகளின் எண்ணிக்கை 1, 2, கடைசியில் 5 என்று குறைகிறது.

நீங்கள் சேர்க்க நினைக்கும் விதி இந்தக் கடைசி வகையைச் சேர்ந்தது. இதில் உள்ள அபாயத்தை ஆட்டக்காரர்கள் மரணச் சுழல் என்பார்கள்: முதலில் அடி வாங்கியவர் வலுவிழக்கிறார், வலுவிழந்ததால் திருப்பி அடிக்க முடிவதில்லை, அதனால் மேலும் அடி வாங்குகிறார், சண்டை இரண்டாம் சுற்றிலேயே முடிவாகிவிட்டது என்று தெரிந்தும் ஆறாம் சுற்றுவரை பகடை உருட்டிக்கொண்டிருக்க வேண்டும். வாம்பயரில் சண்டை என்பதே தவிர்க்க வேண்டிய ஒன்று என்பதால் அங்கே அது பொருந்துகிறது. ஐந்தாம் பதிப்பிலோ ஒரு நாளில் பல சண்டைகளைத் தாங்கி நிற்பதற்காகவே ஹெச்பி கணக்கிடப்பட்டிருக்கிறது. பாதிக்குக் கீழே 2 குறைத்தால் அது தொலைவில் நின்று ஃபயர்பால் போடும் விசர்டை ஏறக்குறைய தொடவே தொடாது. அவர் போடும் மந்திரத்துக்குத் தாக்குதல் பகடையே கிடையாது. முன்வரிசையில் நின்று மற்றவர்களுக்காக அடி வாங்கும் ஃபைட்டரைத்தான் அது தண்டிக்கும். பகைகளுக்கும் அதே விதி என்றால் ஒவ்வொரு பகையின் பாதி அளவையும் நீங்கள் கண்காணிக்க வேண்டும். கணக்கைக் குறைக்க வந்த இடத்தில் கணக்கு இருமடங்காகும்.

காயத்துக்கு மதிப்பு வேண்டும் என்றால் எண்ணைத் தொடாமல் அறிவிப்பைச் சேருங்கள். 2008-இல் வந்த நான்காம் பதிப்பில் பாதி ஹெச்பிக்கு இறங்கியவர் பிளடீட் என்று எல்லோருக்கும் தெரியும்படி அறிவிக்கப்படுவார். அதற்குத் தண்டம் கிடையாது, ஆனால் சில திறன்கள் அந்த நிலையைப் பொறுத்து இயங்கும். 2024 விதிகளில் அந்தச் சொல் திரும்ப வந்திருக்கிறது. இரு தரப்புக்கும் ‘பாதிக்குக் கீழ்’ என்பதை ஒரு சிவப்பு வளையத்தால் காட்டுங்கள். பகையின் கழுத்தில் வளையம் விழுந்ததும் மேசையில் ஒரு சலசலப்பு எழும், அதை எந்த −2 விதியாலும் கொண்டுவர முடியாது.

ஆறாம்சுற்று

மூவருக்கும் நன்றி. −2 விதியைக் கைவிடுகிறேன். விசர்ட் தப்பித்துக்கொள்வார் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. வெற்றுத் தாள் முறையை அடுத்த அமர்விலேயே தொடங்கப்போகிறேன். ஆனால் கணக்கை ஆட்டக்காரரிடமே விடுவதில் எனக்கு ஒரு தயக்கம் இருக்கிறது. தன்னிடம் சரியாக 23 இருக்கிறது, பூதத்தின் ஓர் அடி 20-ஐத் தாண்டாது என்று தெரிந்தால், அவர் அச்சமே இல்லாமல் இன்னொரு சுற்று நிற்கிறார். எண்ணை மறைத்து, காயத்தின் தோற்றத்தை மட்டும் நான் சொன்னால் அந்த அச்சம் திரும்ப வருமா? அப்படி ஆடிப் பார்த்தவர்கள் யாராவது உண்டா? கூடவே ஒரு சின்னக் கேள்வி: எட்டுக் காப்ளின்கள் (சிறு பகைகள்) ஒரே நேரத்தில் வந்தால் நான் எட்டு வரிசைகள் எழுத வேண்டுமா?

திரைமறைவு

ஆடிப் பார்த்திருக்கிறேன். 1998-இல் வெளிவந்த அன்நோன் ஆர்மீஸ் என்ற திகில் ஆட்டத்தில் இது விதியாகவே இருக்கிறது: கதாபாத்திரம் எத்தனை புள்ளிகளை இழந்திருக்கிறது என்பது ஆட்டத்தை நடத்துபவருக்கு மட்டுமே தெரியும், ஆட்டக்காரருக்குக் கிடைப்பது காயத்தின் விவரிப்பு மட்டுமே. இருட்டான ஒரு கட்டடத்தில் தோள்பட்டையில் கத்தி இறங்கியது என்று சொல்லிவிட்டு எண்ணைச் சொல்லாமல் நிறுத்தும்போது மேசை அடங்கிப்போகும். அந்தக் கணத்துக்காக நான் திரும்பத் திரும்ப அதை ஆடுவேன்.

அதையே ஐந்தாம் பதிப்பில் செய்ய வேண்டாம் என்பதுதான் என் அறிவுரை. அன்நோன் ஆர்மீஸில் அடிபட்டவர் செய்யத்தக்கது ஓடுவது, ஒளிவது, கெஞ்சுவது. இதற்கு எண் தேவையில்லை. ஐந்தாம் பதிப்பிலோ ஆட்டக்காரரின் கையில் இருக்கும் முடிவுகளில் பெரும்பகுதி அந்த எண்ணைப் பார்த்தே எடுக்கப்படுகிறது. ஃபைட்டர் செகண்ட் விண்டை (தன்னைத் தானே குணப்படுத்தும் திறனை) இப்போது செலவழிப்பதா, ஷார்ட் ரெஸ்ட்டில் (சிறு ஓய்வில்) எத்தனை ஹிட் டைஸ் (ஹெச்பியை மீட்கும் பகடைகள்) உருட்டுவது, கிளெரிக் தன் முறையைத் தாக்குதலுக்கு விடுவதா குணப்படுத்தலுக்கு விடுவதா என்பவை எல்லாம் நுணுக்கமான பேரங்கள். எண்ணை மறைத்தால் இவை ஊகங்களாகிவிடும். அதோடு ஐந்து பேரின் கணக்கும் தற்காலிக ஹெச்பியும் ரேஜும் உங்கள் தலையில் வந்து விழும்; நீங்கள் ஒரு முறை தவறினால், சரிபார்க்க மேசையில் வேறு எவரும் இல்லை.

அச்சம் வேண்டுமென்றால் அதை 0-க்கு அந்தப் பக்கம் தேடுங்கள். மயங்கியவர் தன் முறை வரும் ஒவ்வொரு தடவையும் இருபது முகப் பகடையை உருட்ட வேண்டும்: 10 அல்லது அதற்கு மேல் என்றால் ஒரு வெற்றி, குறைந்தால் ஒரு தோல்வி, 1 விழுந்தால் இரண்டு தோல்விகள், 20 விழுந்தால் 1 ஹெச்பியோடு எழுந்துவிடலாம், மூன்று வெற்றியில் நிலைப்படுவார், மூன்று தோல்வியில் சாவார். இந்த உருட்டலை எல்லோர் முன்னும் செய்தால், ‘ஒரு தோல்விதானே, இன்னும் ஒரு சுற்று விடலாம்’ என்று மற்றவர்கள் கணக்குப் போடுவார்கள். மயங்கியவர் திரைக்குப் பின்னால் உருட்டட்டும்; விளைவு அவருக்கும் உங்களுக்கும் மட்டும் தெரியட்டும். எத்தனை தோல்வி என்று தெரியாத நிலையில், நண்பனை நோக்கி ஓடுவதா பூதத்தை முடிப்பதா என்ற தடுமாற்றம் மேசைக்குத் தானே வந்துவிடும். மயங்கிக் கிடப்பவரைத் தாக்கினால் அதுவும் ஒரு தோல்வி, அந்த அடி ஐந்தடிக்குள் நின்று அடித்ததாக இருந்தால் கிரிட்டிக்கல் (மிகக் கடுமையான அடி) ஆகி இரண்டு தோல்விகள் என்பதையும் ஒருமுறை உரக்கச் சொல்லி வையுங்கள்.

பழையபதிப்பு சொன்னதில் ஒன்றை மட்டும் நான் மறுக்கிறேன். காயத்துக்கு விளைவு வைத்தால் மரணச் சுழல் வந்தே தீரும் என்பதில்லை. விளைவு எப்போதும் உறுத்திக்கொண்டிருப்பதா, பொருந்தும்போது மட்டும் உறுத்துவதா என்பதைப் பொறுத்தது அது. 2017-இல் வந்த பிளேட்ஸ் இன் தி டார்க்கில் காயம் என்பது ஷீட்டில் எழுதும் ஒரு சொற்றொடர். கீழ் வரிசையில் இரண்டு இடம், நடு வரிசையில் இரண்டு, மேல் வரிசையில் ஒன்று. ‘கணுக்கால் சுளுக்கு’ என்று நடு வரிசையில் எழுதியிருந்தால், கூரைமேல் ஓடும்போது ஒரு பகடை குறையும். சீட்டாட்டத்தில் ஏமாற்றும்போது குறையாது. வரிசை நிரம்பினால் அடுத்த காயம் மேல் வரிசைக்கு ஏறும் என்பதால் சின்னக் காயமும் அலட்சியப்படுத்தத்தக்கது அல்ல. 2013-இல் வந்த ஃபேட் கோரிலும் இதே போக்குதான்: ஆட்டக்காரரே ஒரு காயத்தை ஏற்று 2, 4 அல்லது 6 அளவுக்குச் சேதத்தைத் தாங்கிக்கொள்கிறார், அதற்கு விலையாக அந்தக் காயத்தின் பெயர் ஷீட்டில் ஏறி எதிரிக்குப் பிடி கொடுக்கிறது.

இதிலிருந்து உங்கள் மேசைக்கு எடுத்துக்கொள்ளத்தக்க ஒன்று உண்டு. 0-க்கு இறங்கி எழுந்த ஒவ்வொருவரும் எதனால் விழுந்தாரோ அதைத் தன் தாளில் நான்கு சொற்களில் எழுதட்டும்: ‘விலாவில் பூதத்தின் கதாயுதம்’. லாங் ரெஸ்ட் (நீண்ட ஓய்வு) முடியும்வரை, அந்த விலா உண்மையிலேயே தடையாகும் ஒரு செயலில், எடுத்துக்காட்டாகப் பாறையில் ஏறும்போதோ கதவைத் தோளால் உடைக்கும்போதோ, ஒரே ஒரு முறை டிஸ்அட்வான்டேஜ் (பகடையை இரு தடவை உருட்டிக் குறைந்ததை எடுப்பது) கொடுங்கள். தாக்குதல் பகடையை விட்டுவிடுங்கள். கண் போவது, கால் போவது என்று நீண்டகாலக் காயங்களுக்கான விருப்ப விதிகள் 2014 டிஎம் வழிகாட்டியில் இருக்கின்றன. அவை நீண்ட தொடராட்டத்துக்குக் கொஞ்சம் கொடூரம் என்பது என் கருத்து.

கூட்டல்கணக்கு

காப்ளின்களுக்கு எட்டு வரிசைகள் வேண்டாம். விதிநூலில் காப்ளினுக்கு ஹெச்பி 7 மட்டுமே. ஏழாம் லெவல் ஃபைட்டரின் அடி பெரும்பாலும் அதைத் தாண்டும், ஃபயர்பாலில் 8 ஆறுமுகப் பகடைகள் உருளும்போது சேவில் தப்பித்த காப்ளினும் ஏறக்குறைய எப்போதும் சாகும். ஆகவே அடிபட்டால் சாவு என்று வைத்துக்கொண்டு பொம்மையை எடுத்துவிடுங்கள். 7-க்குக் குறைவாக அடிபட்டு எப்போதாவது ஒன்று தப்பினால் அதன் பொம்மையைச் சாய்த்து வையுங்கள். சாய்ந்தது அடுத்த அடியில் எடுபடும். நான்காம் பதிப்பு மினியன் என்ற பெயரில் 1 ஹெச்பி பகைகளையே தனி வகையாகத் தந்தது. சாவேஜ் வேர்ல்ட்ஸ் என்ற ஆட்டத்திலும் பெயரில்லாத ஆள் ஒரு காயத்தில் களத்தைவிட்டுப் போய்விடுவார். நிற்கிறார், தடுமாறுகிறார், இல்லை என்ற மூன்றே நிலைகள், தாளே தேவையில்லை.

தலைவனுக்கு மட்டும் தனி வரி எழுதுங்கள், அதையும் கூட்டல் முறையிலேயே. பகையின் சேதத்தைக் கூட்டி எழுதும்போது அதன் உச்ச எண் உங்கள் தாளின் மேலே தனியாக நிற்கும். அதைச் சண்டையின் நடுவே ஏற்றியும் இறக்கியும் நாடகத்தைக் கூட்டும் டிஎம்கள் உண்டு. ஆட்டக்காரரை வரிக்கு வரி எழுதச் சொல்லிவிட்டு நாம் மட்டும் எண்ணை மாற்றுவது நியாயமாகத் தெரியாததால் நான் அதைச் செய்வதில்லை. பகடையையே எண்ணிக்கைக்குப் பயன்படுத்தும் வழக்கம் உங்கள் மேசையில் இருந்தால் அதையும் நிறுத்திவிடுங்கள்: 14 காட்டிக்கொண்டிருந்த இருபது முகப் பகடையை யாராவது தாக்குதலுக்கென்று எடுத்து உருட்டிவிடுவார்கள். பிளாஸ்டிக் உறையில் வைத்த தாளும் அழியும் மார்க்கரும் அழகாக இருக்கும், ஆனால் அதில் மறுபடியும் ரப்பர் வேலைதான். இணையத்தில் ஆடும் நாள்களில் ரோல்20 போன்ற பலகைகளில் டோக்கனின் மேல் இருக்கும் பட்டையிலேயே மீதத்தைக் குறிக்கலாம். அப்போதும் அடிகளை வரிசையாகச் சாட் பெட்டியில் எழுதச் சொல்லுங்கள், பட்டை கடைசி எண்ணை மட்டும்தான் காட்டும்.